தாம்பாளம் நிறைய அரிசி, ஒரு விரல்

சிவக்கொழுந்து தன் மனைவி அலர்மேலுவோடும் ஒன்பது வயது மகள் மதுரவாணியோடும் குருவைப் பார்க்க வந்தான். கையில் தாம்பாளம், அது நிறையப் பச்சரிசி.

"நாளைக்கு இவளைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்துறோம், ஐயா. டி.சி. கேட்டு எழுதிக் குடுத்தாச்சு. இனிமே வீட்டுல நாங்களே சொல்லிக்குடுக்கப் போறோம். உங்க முன்னாடி அரிசியில எழுத வச்சு ஆரம்பிச்சா நல்லாயிருக்கும்."

"மூணு வயசுல ஒரு தடவை எழுதியிருப்பாளே?"

"அது பள்ளிக்கூடத்துக்கு எழுதினது. இது வீட்டுக்கு."

"சரி. ரெண்டு பேரும் அவ விரலைப் பிடிங்க. எதுக்காக இதைச் செய்யறீங்களோ, அதை ஒரே சொல்லுல எழுதுங்க."

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து மகளின் சுட்டுவிரலைப் பிடித்தார்கள். சிவக்கொழுந்து மேலே இழுத்தான். அலர்மேலு பக்கவாட்டில் வளைத்தாள். அரிசி தாம்பாளத்தைத் தாண்டித் தரையில் தெறித்தது.

"நீ என்ன எழுதுறே?"

"நீங்க என்ன எழுதுறீங்க?"

"எனக்கு விரல் வலிக்குது," என்றாள் மதுரவாணி.

குரு அவளைப் பார்த்தார். "உன்னை எதுக்கு நிறுத்துறாங்கன்னு தெரியுமா?"

"அப்பா சொன்னதைச் சொல்லவா, அம்மா சொன்னதைச் சொல்லவா?"

"ரெண்டையும் சொல்லு."

அவள் எழுந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். இல்லாத போனைக் காதில் வைத்து, மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். சிவக்கொழுந்தின் குரல் அச்சு அசலாக வந்தது.

"பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் இழுக்கறதை வீட்டுல நாலு மாசத்துல முடிச்சிரலாம், மச்சான். உங்க பையன் ஏழாவது போறப்போ நம்ம பொண்ணும் ஏழாவது கணக்குப் போடுவா. பாத்துக்கிட்டே இருங்க."

பிறகு, இல்லாத முந்தானையை இடுப்பில் செருகினாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பவள்போலக் குதிகாலை உயர்த்தினாள்.

"தூக்கத்துல வாய்ப்பாடு சொல்லி அழுவுதுக்கா. ஒரு வருஷம் புத்தகமே வேணாம், புள்ள சும்மா இருக்கட்டும்னுதான் நிறுத்துறோம். அவரும் சரின்னுட்டாரு."

"நான் எப்ப சரின்னேன்?"

"நாலு மாசக் கணக்கை நீங்க எப்ப என்கிட்ட சொன்னீங்க?"

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?" என்று கேட்டார் குரு. பதிலுக்குக் காத்திராமல் தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார்.

இருவரும் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று பேசினார்கள். சிவக்கொழுந்து முகம் தெளிந்து திரும்பி வந்தான்.

"முடிவு பண்ணிட்டோம், ஐயா. காலையில என் பாடம். மத்தியானத்துக்கு மேல இவ சொல்ற மாதிரி, சும்மா."

"எழுதுங்க."

சிவக்கொழுந்து மகள் விரலைப் பிடித்துப் பாதிச் சொல் எழுதியிருப்பான்.

"உங்க பங்கு முடிஞ்சுது. விடுங்க," என்றாள் அலர்மேலு.

"இரு, இந்த எழுத்தை முடிச்சுக்கறேன்."

"இப்படித்தான் தினமும் சாயங்காலம் வரைக்கும் முடிச்சுக்குவீங்க."

மறுபடி அரிசி தெறித்தது. மதுரவாணி விரலை உதறிக்கொண்டாள்.

"இன்னொரு நாள் வர்றோம், ஐயா," என்று சிவக்கொழுந்து எழுந்தான்.

அலர்மேலு எழவில்லை. "நாளைக்கு டி.சி. கைக்கு வந்துரும். இதைப் பேசி முடிக்காம நான் இங்கேயிருந்து நகர மாட்டேன்."

அவன் நின்றபடியே மகளைப் பார்த்தான். திரும்ப உட்கார்ந்தான்.

"தூக்கத்துல அழறது எனக்கும் தெரியும்," என்றான். "பரீட்சை முடிஞ்சா சரியாயிடும்னு நினைச்சேன்."

"பரீட்சை முடிஞ்சு எத்தனை நாளாச்சு."

"ஆமா." அவன் மூக்கை உறிஞ்சினான். "முதல்ல இவ அழாம தூங்கட்டும். ஏழாவது கணக்கு அப்புறம்."

"அப்புறம்னா எப்ப?" என்று கேட்டார் குரு.

"அது வரும்போது வரட்டும், ஐயா."

"வரலைன்னா என்னைக் குத்திக்காட்டக் கூடாது," என்றாள் அலர்மேலு.

"காட்ட மாட்டேன்."

"உன் மச்சான் பையன் பரிசுக் கோப்பையோட வீட்டுக்கு வர்ற அன்னைக்கு?" குரு விடவில்லை.

சிவக்கொழுந்து தரையில் கிடந்த ஓர் அரிசியை எடுத்துத் தாம்பாளத்தில் போட்டான்.

"அன்னைக்கு எனக்கு வயிறு எரியும், ஐயா. எரியட்டும். இவகிட்ட புத்தகத்தை நீட்ட மாட்டேன்."

அலர்மேலு அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு வருஷம்னு நான் சொன்னதையும் விட்டுடறேன். இவளா புத்தகம் கேட்டா அன்னைக்கே குடுப்போம்."

குரு தாம்பாளத்து அரிசியைக் கையால் நிரவினார். "இப்ப எழுதுங்க."

இருவரும் ஒரே நேரத்தில் மகளின் விரலைப் பிடிக்கக் கை நீட்டினார்கள். குரு தாம்பாளத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"அவ விரல் எதுக்கு? மறந்துபோகப் போறது நீங்கதானே."