வெங்காயத் தோலில் கருப்பு

வெயில் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் பூசணத்துக்குக் கருப்பு தெரியாது. ஒரு வெங்காயத்தின் மேல்தோலுக்கு அடியில், ஈர இருட்டில், வெள்ளை நூலாக ஓடிக் கிடந்தாள் அவள். அவளுடைய பிள்ளைகளும் வெள்ளை; மாவைவிட மெல்லிய தூள். காலையில் காற்று வந்து அவர்களை வேறு காட்டுக்குத் தூக்கிப் போகும். காற்று திரும்பி வந்ததும் அவள் கேட்பாள்.

"போய்ச் சேர்ந்தார்களா?"

"பாதி வழியில் வெயில் 'யார் நீ?' என்று கேட்டது. பதில் சொல்வதற்குள் காய்ந்துபோனார்கள்."

"ஒருவர்கூடவா மிஞ்சவில்லை?"

காற்று வெறுங்கையை விரித்துக் காட்டும்.

அந்த வெங்காயம் சடைச்சியுடையது. வேலங்காட்டில் கரிமூட்டம் போடுகிறவள். விறகை அடுக்கி, வைக்கோல் மூடி, ஈரமண் பூசி, உள்ளுக்குள்ளேயே புகைய விடுவாள். ஒரு நண்பகலில் கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள வெங்காயத்தை உரித்தாள்.

"அடியே, எனக்கு முந்தி நீ சாப்பிட உக்காந்துட்டியா?"

"கோபிக்காதே அக்கா. உன் கரி நாளெல்லாம் வெயிலில் கிடக்கிறதே, அதற்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?"

"கருப்பு வெயிலைக் குடிச்சிரும். குடிச்சு, சூடா உள்ள வச்சுக்கிடும். தொட்டுப் பாரு, தெரியும்."

"என் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொடேன்."

சடைச்சி ஒரு துண்டுக் கரியை நுணுக்கி, உரித்த தோலின் மேல் தூவினாள். பிள்ளைகள் பூசிக்கொண்டு பறந்தார்கள். வழியில் பனி கழுவிவிட்டது. அன்றும் காற்று வெறுங்கையோடுதான் வந்தது.

சடைச்சிக்குச் சிரிப்பு வந்தது. "பூசினா நிக்குமா? நான் என்ன விறகுக்கு மை பூசியா விக்கிறேன்? உள்ள இருந்து வரணும்டி. இருக்கிறதை மூடி வச்சுப் புகைஞ்சு பாரு. அவசரப்பட்டா சாம்பல்தான்."

உரித்த தோலின் மடிப்பு நிழலுக்குள் பூசணம் வளர்வதை நிறுத்தினாள். தின்றதையெல்லாம் தனக்குள் மூடி வைத்தாள். பல நாள் கரிமூட்டம் மாதிரி கனன்றுகொண்டிருந்தாள். கடைசியில் ஒரு சிட்டிகைக் கருப்பு ஊறியது.

"எல்லாத்தையும் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டா உனக்கு?" என்றாள் சடைச்சி.

"நான் எங்கே போகப்போகிறேன் அக்கா?"

ஒவ்வொரு பிள்ளைக்கும் உடம்பு மூடும் அளவுக்குக் கொடுத்தாள். காற்று தூக்கியது. "யார் நீ?" என்றது வெயில். பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் குடித்துவிட்டு, இளஞ்சூட்டோடு, ஒன்றும் பேசாமல் கடந்து போனார்கள். அதன் பிறகு வெயில் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

காற்று அன்று ஓடி வந்தது. "சேர்ந்துவிட்டார்கள்! எல்லோரும்!"

உரித்த தோலின் மேல் வெயில் விழுந்திருந்தது. அதில் ஒரு வெள்ளை நூல் காய்ந்து கிடந்தது.

அன்று தொட்டுத்தான், வெங்காயத்தை உரிக்கும்போது வெள்ளை நூல்களின் நுனியில் கருந்தூள் ஒட்டியிருக்கிறது. கட்டைவிரலால் துடைத்து ஊதிவிடுகிறோம். அது வெயிலுக்குள் போகிறது, காய்வதில்லை.