சுண்ணாம்புக் கோடு

"எனக்குக் குறிக்கோள் இல்லைன்னு எவனும் சொல்ல முடியாது, தாயி. மூணு இருக்கு. மூணும் முட்டிக்கிட்டு நிக்கு."

மடத்து முற்றத்தில் உட்காருவதற்கு முன்பே செக்குக்காரர் கோமதிநாயகம் இதைச் சொல்லிவிட்டார்.

வடிவம்மை மடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அந்த மடத்துக்கு அவள்தான் தலைவி. அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். நரைத்த தலை போய்க் கறுத்த தலையைக் கும்பிடுகிறது என்று ஊரில் கேலி உண்டு. கோமதிநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பொதுவாக அவர் எதையுமே காதில் போட்டுக்கொள்வதில்லை.

"என்ன மூணு, அண்ணாச்சி?"

"தொழில்ல, ஊர்லயே பெரிய செக்கு நம்ம செக்கா இருக்கணும். வீட்டுல ஒத்துமை வேணும். எனக்குன்னு ஒரு ஆசை, கோயில்ல நின்னு பத்துப் பதிகம் பாடணும். தப்பா?"

"தப்பே இல்லையே. அதுக்கு என்ன செய்திய?"

"தை பொறந்தன்னைக்குச் சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவேன். மறுநாளே ரெண்டாவது செக்கு போட்டேன். ரெண்டையும் பாக்க ஆளு காணாம இப்ப மொத செக்கும் நிக்கு. பத்துப் பதிகத்தையும் ஒரே நாள்ல பிடிச்சேன். தொண்டை கட்டிப்போச்சு. அதோட சரி."

"வீடு?"

கோமதிநாயகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

வீடு என்றால் உலகநாதன். ஒரே மகன். தேருக்குக் கட்டை போடுகிறவன்.

அந்த ஊர்த் தேர் சின்னத் தேர் இல்லை. இரண்டு வடத்தையும் ஊரே சேர்ந்து பிடித்தால்தான் அசையும். சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையோடு சிலர் கூடவே ஓடுவார்கள். ஆப்பு மாதிரி செதுக்கிய கனத்த மரம் அது. சக்கரத்துக்கு நேரே கொடுத்தால் தேர் நிற்கும். சாய்த்துக் கொடுத்தால் திரும்பும். தேருக்கு முன்னே போகத்தான் தெரியும், பின்னே வரத் தெரியாது. திரும்பும் இடத்தைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான்.

வருஷா வருஷம் கன்னிமூலையில் அதுதான் நடந்தது. தெற்குத் தெரு முடிகிற அந்த முக்கில், இழுத்த வேகத்தில் தேர் தடத்தை விட்டு ஓடி, ஓடைக்கரை மணலில் இறங்கிவிடும். சாமி அன்றிரவு தெருவில்தான். கன்னிமூலையில் சாமிக்குத் தனிக்குடித்தனம் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

போன வருஷம் வடத்தின் முன்முனையில் நின்றவர் கோமதிநாயகம். கன்னிமூலையில் மகன் கட்டையைக் கொடுத்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இழு, இழு" என்று முழங்கினார். சக்கரம் கட்டை மேல் ஏறி அதைப் பிளந்தது. மயிரிழையில் மகன் காலை இழுத்துக்கொண்டான்.

"ஒங்களுக்கு இழுக்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது" என்றான், ஊர் கேட்க.

அவர் அவனை அறைந்தார், ஊர் பார்க்க.

அன்று நின்றது பேச்சு. ஒரே வீட்டில், ஒரே சோற்றுப்பானையில். "சாப்பிட வரச் சொல்லு" என்பார் மனைவியிடம். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பான் அவன் தாயிடம். நடுவில் நின்ற சண்முகத்தாய்க்குத்தான் வாய் வலித்தது.

இந்த லட்சணத்தில், இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று கோமதிநாயகம் சொல்லிவிட்டார்: விளக்கு வைக்கும் முன் தேர் புறப்பட்ட நிலைக்கே திரும்பி வரும், வராவிட்டால் என் ஆயுசுக்கும் வடத்தைத் தொடமாட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவருக்கு இணை அவர்தான்.

"தேருக்கு என்ன ஏற்பாடு?" என்று வடிவம்மை கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. "புது வடம் திரிச்சாச்சு. பக்கத்து ஊர்லயெல்லாம் ஆள் சொல்லியாச்சு. போன வருஷத்தைப் போல ரெண்டு மடங்கு கூட்டம் இழுக்கும்."

"இழுக்கதுக்கு ஆள் சொல்லியாச்சு. எங்கெங்க நிறுத்தணும்?"

"நிறுத்தவா? நிலையிலதான்."

வடிவம்மை சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கீழே வைத்தாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்பை மொண்டு அவர் கையில் கொடுத்தாள். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதை வச்சு என்ன செய்ய, தாயி?"

"நிக்க வேண்டிய எடத்துல கோடு போடுங்க."

"அது எந்த எடம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்களுக்குத் தெரியாது, அண்ணாச்சி."

மட்டையை மறுபடி எடுத்தாள். சுவர் வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்தபோது உலகநாதன் தொழுவத்தில் உட்கார்ந்து புதுக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். கோமதிநாயகம் நேரே அடுப்படிக்குப் போனார்.

"தேரை எங்கெங்க நிறுத்தணும்னு அவன்கிட்டக் கேளு."

சண்முகத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "எனக்குக் காலு வலிக்கு. நீங்களே கேளுங்க."

அடுப்படிக்கும் தொழுவத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? அந்தத் தூரத்தைக் கடக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. மகன் முன்னால் போய் நின்றார். சிரட்டையை நீட்டினார்.

"ஏல," என்றார். "எங்க நிறுத்தணும்?"

உளி நின்றது. உலகநாதன் சிரட்டையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். கட்டையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தான்.

இருவரும் தேரடிக்குப் போனார்கள். நிலையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்ததுமே உலகநாதன் நின்றுவிட்டான்.

"மொதக் கோடு இங்க."

"இவ்வளவு கிட்டத்துலயா? ஊரு சிரிக்கும்ல."

"சிரிக்கட்டும். மொத உருட்டுல தேரு எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு இங்கதான் தெரியும். தெரிஞ்சாத்தான் அடுத்த கோடு வரைக்கும் நேரா போவும்."

கோமதிநாயகம் குனிந்து கோடு போட்டார்.

நேர்த்தெருவில் கோடுகள் தள்ளித் தள்ளி வந்தன. முக்கு நெருங்க நெருங்க அருகருகே வந்தன. கன்னிமூலையில் அவர் முக்கிலேயே குனிந்தார்.

"அங்க இல்ல," என்றான் மகன். பின்னால் நடந்து, கொல்லன் பட்டறைக்கு எதிரே தரையைக் காலால் காட்டினான். "திரும்புற எடத்துக்கு முன்னாலயே நிக்கணும், யப்பா."

யப்பா என்று அவன் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். அந்தக் கோடு மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக விழுந்தது.

தேரன்று கோமதிநாயகம் வடத்தைப் பிடிக்கவில்லை. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வலது சக்கரத்தின் ஓரம் நின்றார். துண்டு உயர்ந்தால் இழுக்க வேண்டும், தாழ்ந்தால் நிறுத்த வேண்டும். ஊருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே பாதி உயிர் போயிற்று.

தேர் அசைந்தது. குலவை எழுந்தது. மேளம் சூடு பிடிப்பதற்குள் முதல் கோடு வந்தது. துண்டு தாழ்ந்தது.

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். கொல்லென்று சிரிப்பு.

உலகநாதன் சக்கரத்தடியில் குனிந்து பார்த்தான். "இடது பக்கம் ஒதுங்குது. ஒரு சாய்ப்பு." அவர் அதையே உரக்கச் சொன்னார். கட்டை சாய்ந்து விழுந்தது. தேர் நேரானது.

கோடு கோடாகத் தேர் போயிற்று. முதல் முக்கில் யாருக்கும் வேர்க்கக்கூட இல்லை. அதன்பிறகு கேலியைக் காணோம்.

தெற்குத் தெருவில் ஜனங்களுக்கு வெறி பிடித்தது. இரண்டு மடங்குக் கூட்டம், புது வடம், பொழுது வேறு மிச்சம் இருக்கிறது. பிடித்தார்கள் ஓட்டம். மண் அதிர்ந்தது. அலங்காரத் துணிகள் காற்றில் படபடத்தன. கோமதிநாயகத்துக்கும் உள்ளே ஏதோ எழும்பியது. இதே வேகத்தில் போனால் நிலைதான், இன்றைக்கு யார் தடுக்க முடியும்? "இழு" என்ற சொல் நெஞ்சிலிருந்து கிளம்பி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது வெள்ளைக் கோடு தெரிந்தது. கோட்டின் மேல் மகனுடைய வெறுங்கால் தெரிந்தது.

உலகநாதன் கட்டையோடு குனிந்திருந்தான். அவன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து!"

பதிகத்துக்குக் கட்டிக்கொண்ட தொண்டை அது. அன்றைக்கு வடத்தின் கடைசி ஆள் வரை கேட்டது. துண்டு தாழ்ந்தது. வடம் தொய்ந்தது. கட்டை உள்ளே போனது. சக்கரம் அதன் மேல் கொஞ்சம் ஏறி, முனகி, இறங்கி உட்கார்ந்தது.

கோட்டின் மேல்.

ஒரு கணம் மேளக்காரர்கள்கூட அடிக்க மறந்துபோனார்கள்.

"சாய்ச்சுக் குடுக்கேன். மெதுவா," என்றான் மகன்.

"மெதுவா!" என்றார் அப்பா.

மெதுவாக, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, தேர் கன்னிமூலையில் திரும்பியது. மணல் ஓரமாகவே கிடந்தது.

மேலத்தெருக்காரர்கள் தேர்நாளில் தேரைக் கண்டதே இல்லை. மறுநாள்தான் தங்கள் தெருவுக்குச் சாமி வரும் என்று நிம்மதியாக இருந்தார்கள். ஆரத்தித் தட்டு தயாரில்லை, வாசல் தெளிக்கவில்லை. பெண்கள் கையில் கிடைத்த தேங்காயை எடுத்துக்கொண்டு சிரித்தபடி ஓடி வந்தார்கள். சாய்ந்த வெயில் தேரின் நெற்றியில் விழுந்தது. கோமதிநாயகம் அழுதுகொண்டே துண்டை உயர்த்தினார். துடைத்துக்கொள்ளத் துண்டு வேறு இல்லை.

தேர் நிலைக்கு வந்தபோது, விளக்கு வைக்கிறவர் திரியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். ஊர் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. இளவட்டங்கள் ஓடி வந்து கோமதிநாயகத்தைத் தூக்கினார்கள்.

"என்னை இல்லலே, அவனை," என்றார்.

இரண்டு பேரையும் தூக்கினார்கள்.

மறுநாள் காலையில் அவர் மடத்துக்குப் போனார்.

"தேரு நிலைக்கு வந்துட்டு, தாயி."

"கேட்டுது. சுண்ணாம்பே உதிர்ந்துபோச்சு," என்று வடிவம்மை சுவரைக் காட்டினாள்.

"இன்னொரு சிரட்டை வேணும்."

"தேருதான் வந்துட்டே. இன்னும் எதுக்கு?"

"செக்குக்கு. பாட்டுக்கு. வீட்டுக்கு."

அவள் சுண்ணாம்புப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். சொட்டு இல்லை.

கோமதிநாயகம் திரும்பினார். மடத்து வாசலில் உலகநாதன் நின்றுகொண்டிருந்தான். கையில் சிரட்டை. நிறையச் சுண்ணாம்பு.

"மொதக் கோடு எங்க போடணும், யப்பா?"

"கிட்டத்துலதான்," என்றார் கோமதிநாயகம்.