முழங்கால் வரைக்கும் ஒரு கட்டு

சாரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பை நொறுக்கிக்கொண்டு வந்தான் பெயின்டர் சுடலைமணி. பெரிய டாக்டர் அருமைநாயகம் காலைக் கிழிக்கவில்லை. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே இரண்டு சின்ன ஓட்டை வழியாக எலும்புத் துண்டுகளைச் சேர்த்து ஸ்க்ரூ முடுக்கிவிட்டார். பக்கத்தில் நின்று தொழில் பழகியவள் பெனிட்டா.

மறுநாள் காலை அவள் வார்டுக்குப் போனபோது, நோயாளி ஜன்னலோரம் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான்.

"காலை ஊனக் கூடாதுன்னு சொன்னேனா, இல்லையா?"

"ரெண்டு ஓட்டைதானே டாக்டரம்மா. கொசு கடிச்ச மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னது வாஸ்தவம்தான். புது முறை கைவந்த பெருமையில் வாயை விட்டிருந்தாள்.

எலும்பு கூடுமுன் பாரம் ஏற்றினால் சேர்த்ததெல்லாம் அமுங்கிப்போகும், அப்புறம் ஏணியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஹாக்கியும் இல்லை என்று விளக்கினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மத்தியானம் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றான். சாயங்காலம் அடுத்த வார்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கொடுத்த வாக்கரில் துண்டு காய்ந்தது. பெனிட்டாவுக்கு அதைத் தூக்கி வெளியே எறியலாம் போலிருந்தது.

நேரே பெரிய டாக்டரிடம் போனாள்.

"கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு சார். எக்கேடும் கெட்டுப் போன்னு விடவும் மனசு வரல. நான் என்னதான் செய்யறது?"

அவர் எழுந்து வார்டுக்கு நடந்தார். நர்ஸிடம் பஞ்சுச் சுருளும் பேண்டேஜும் வாங்கினார். கால் விரலிலிருந்து முழங்கால் வரைக்கும் தடிதடியாகச் சுற்றினார். இரண்டு தலையணை வைத்து அதன்மேல் காலை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஹாக்கிக் கூட்டாளிகள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். கட்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சுடலைமணியின் குரலும் இறங்கிப்போயிருந்தது.

"அந்த வாக்கரைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க டாக்டரம்மா."

எடுத்துக் கொடுத்தாள். காலைத் தரையில் படவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்திப் போனான். நிம்மதிதான். ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டாள்.

"நாள் பூரா நான் சொன்னது ஏறல, கால் கிலோ பஞ்சு சொன்னது ஏறிடுச்சா? இது ஏமாத்துறது இல்லையா சார்? காயம் ரெண்டே ரெண்டு ஓட்டை."

அருமைநாயகம் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஓட்டை நாம போட்டதும்மா. கட்டு, அவன் விழுந்ததுக்கு."