சும்மா இருந்த வருடங்கள்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தார் மயில்சாமி. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்து ஆசிரமத்துக்குப் போவார். அவருடைய குரு நித்யபோதர் அவரைவிட இளையவர், அதிகம் பேசமாட்டார்.

ஒரு ஞாயிறன்று மயில்சாமி கையில் ஒரு தாளோடு வந்தார். குரு சமையல்கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, வேற கம்பெனிக்கு விண்ணப்பம் போடறேனுங்க. இது என் பயோடேட்டா. ஒரே ஒரு எடத்துல வார்த்தை சரியா விழ மாட்டேங்குது. நீங்க பார்த்துச் சொல்லோணும்."

குரு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார்.

"நல்லாத்தானே இருக்கு? 'பழுதாகித் திரும்பி வந்த பம்புகளைப் பாதியாகக் குறைத்தேன்.' என்ன செஞ்சீங்கன்னு படிச்சதும் தெரியுது."

"அதுக்குக் கீழேங்க."

கீழே, 'தனிப்பட்ட காரணங்களுக்காகச் சில ஆண்டுகள் பணி இடைவெளி' என்றிருந்தது.

"மொதல்ல 'ஓய்வு'ன்னு போட்டேன். அதை அடிச்சுட்டு 'குடும்பப் பொறுப்பு'ன்னு போட்டேன். அதுவும் புடிக்கலைங்க."

"அந்த வருசங்கள்ல என்ன நடந்துச்சு?"

"எங்கண்ணன் நஞ்சப்பனுக்குப் பக்கவாதம். கல்யாணம் பண்ணிக்காதவரு. பேச்சும் போயிருச்சு. காது மட்டும் நல்லாக் கேட்கும். நான் வேலையை விட்டுட்டு அவரைப் பார்த்துக்கிட்டேன்."

"அப்புறம்?"

மயில்சாமி ஒரு மொச்சையை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"கையிருப்பு தீர்ந்துபோச்சுங்க. இப்ப இருக்கற கம்பெனியில வீடியோவுல இண்டர்வியூ வெச்சாங்க. எங்க வீடு ஒரே அறைதான். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்து பேசினேன். இத்தனை வருசம் என்ன செஞ்சீங்கன்னு அந்த அதிகாரி கேட்டாரு. வீட்ல நோயாளி இருக்காருன்னா அடிக்கடி லீவு போடுவான்னு நெனைச்சுக்குவாரோன்னு பயம். 'ஒண்ணுமில்லைங்க, வீட்ல சும்மாதான் இருந்தேன்'னுட்டேன்."

குரு தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"வேலை கெடச்சுது. சந்தோசமா அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டப் போனேன். வாயைத் தொறக்கல. மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."

"அதுக்கப்புறம் சாப்பிடவே இல்லையா?"

"மறுநாள் சாப்பிட்டாருங்க. ஆனா நான் பக்கத்துல போனாக் கண்ணை மூடிக்குவாரு. ஐப்பசியில தவறிட்டாரு."

"நீங்க அவர்கிட்ட எதுவும் சொல்லலையா?"

"சொல்லோணும்னு தினமும் நெனைப்பேன். ஷிப்டு முடிஞ்சு வந்தா அசதி. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

குரு தாளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான் அந்த அதிகாரின்னு வெச்சுக்குங்க. இத்தனை வருசம் என்ன செஞ்சீங்க?"

மயில்சாமி கையிலிருந்த மொச்சையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கண்ணனைப் பார்த்துக்கிட்டேனுங்க. மாத்தி மாத்திப் புரட்டிப் படுக்க வெப்பேன். அத்தனை வருசத்துல அவரு முதுகுல ஒரு புண்ணு வந்ததில்லை. வெந்நீர்ல தொடைச்சு, சவரம் பண்ணிவிடுவேன். தண்ணி வேணுமா, எங்கயாச்சும் வலிக்குதான்னு கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவேன். பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் நடிச்சுக் காட்டுவேன். சிரிப்பாரு. வாய் ஒரு பக்கமாத்தான் போகும். ஆனா சிரிப்பாரு..."



அடுப்பில் உலை கொதித்தது. குரு எழுந்துபோய் தீயைக் குறைத்துவிட்டு வந்தார்.

மயில்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதையே எழுதட்டுங்களா சாமி?"

"எழுதுங்க," என்று குரு தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தத் தாளை எத்தனை தடவை வேணும்னாலும் திருத்தலாம். உங்கண்ணன் காதுல விழுந்தது விழுந்ததுதான்."