ஏழாம் பக்கம்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே மேனேஜர் ஞானப்பிரகாசம் தும்மினால்கூட ஆபீஸே எழுந்து நிற்கும். ஒருநாள் அவர், "தினமும் ஆளுக்குப் பத்துப் பக்கம் ரிப்போர்ட் வரணும். வரலைன்னா வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

சரக்கு அனுப்பும் தெய்வானை லாரியைப் பார்ப்பாளா, உட்கார்ந்து எழுதுவாளா? ஏஐயிடம் நாலு வரி சொன்னாள். அது பத்துப் பக்கமாக ஊதிக் கொடுத்தது. அனுப்பிய அரை நிமிஷத்தில் மேனேஜரிடமிருந்து பதில்: "முழுவதும் படித்தேன். அருமை. அப்படியே செய்யவும்." தினமும் அதே அரை நிமிஷம், அதே பதில். அந்தப் பக்கமும் ஏஐதான் உட்கார்ந்திருக்கிறது என்று தெய்வானைக்குப் புரிந்துபோனது.

மறுநாள் ஏழாம் பக்கத்தில் தானே ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். வழக்கமான பதில் வந்தது. அதை எல்லோருக்கும் காட்டினாள். அடுத்த நாள் ஒருவரும் ரிப்போர்ட் அனுப்பவில்லை.

முதலாளியம்மா வந்திருந்த நேரம் பார்த்து மேனேஜர் குதித்தார். "ரிப்போர்ட்டை நிறுத்தச் சொன்னது யாரு?"

"நீங்கதானுங்க சார்" என்று தெய்வானை போனை முதலாளியம்மாவிடம் நீட்டினாள். 'நாளையிலிருந்து யாரும் ரிப்போர்ட் அனுப்ப வேண்டாம் என்பது என் யோசனை' என்றிருந்தது ஏழாம் பக்கத்தில். கீழேயே மேனேஜரின் பதில்.

"முழுசும் படிச்சீங்களா?" என்றார் முதலாளியம்மா.

மேனேஜர் போனை எட்டிப் பார்த்தார்.

"படிச்சேங்கம்மா. அந்த ஏழாம் பக்கம்தான் ரொம்பப் பிடிச்சுது."