செவலை தின்ற மூன்று கிலோ

தாராபுரம் பக்கத்து மாட்டுப்பண்ணை ஒன்றில் தீனி வைக்க எந்திரம் வந்து இறங்கியது. மாட்டின் கழுத்தில் ஓர் அடையாள வில்லை தொங்கும். வில்லை தொட்டியருகே வந்ததும், அந்த மாட்டுக்கு உண்டான தீனியை எந்திரமே அளந்து கொட்டிவிடும்.

ஒரே மாதத்தில் செவலை என்ற பசுவின் பால் பாதியாகிவிட்டது. எந்திரம் பூட்டிய எஞ்சினியர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, "மாடு வேளாவேளைக்கு மூணு கிலோ தின்னுருக்கு. கறக்கிறவ கைதான் சரியில்ல" என்றார்.

பண்ணைக்காரர் கறவைக்காரி நாச்சாத்தாளைக் கூப்பிட்டார். "நாளைக்குள்ள பால் ஏறலீன்னா நீ வேலைய விட்டு நின்னுக்கம்மா."

செவலைக்கு விழுகிற தீனியை, கருப்பி என்ற இன்னொரு மாடு அதை முட்டித் தள்ளிவிட்டுத் தின்பதை நாச்சாத்தாள் தினமும் பார்க்கிறாள். ஆனால் சாணி அள்ளுகிறவள் பேச்சு கம்ப்யூட்டர் முன்னால் எடுபடுமா? செவலையின் வில்லையைக் கழற்றி எஞ்சினியரிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க சார். எப்படித் தீனி விழுகுதுன்னு ஒருக்கா நீங்களே காட்டுங்களேன்."

எஞ்சினியர் பெருமையாக அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொட்டியில் குனிந்தார். தீனி மடமடவென்று கொட்டியது. 'செவலை, மூன்று கிலோ, தின்றது' என்றது கம்ப்யூட்டர். அவர் நிமிர்வதற்குள் கருப்பி வந்து ஒரே முட்டு! எஞ்சினியர் சாணியில் உட்கார்ந்திருக்க, கருப்பி தொட்டியை வழித்து நக்கியது.

நாச்சாத்தாள் பால் வாளியை அவர் முன்னால் பணிவாக வைத்துவிட்டு, பண்ணைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"சார் மூணு கிலோ தின்னுட்டாருங்க மொதலாளி. கம்ப்யூட்டரே சொல்லுது. எத்தன லிட்டருங்க கறக்கட்டும்?"