காற்றுக்குப் பேச்சைக் கொடுத்த செவலை

அந்தக் காலத்தில் ஆடும் மாடும் நாயும் நரியும் மனுசரோடு மனுசராய்ப் பேசிக்கொண்டிருந்தன. ஒருவர் பாஷை ஒருவருக்கு விளங்காமல் போனதே இல்லை. அப்போது தேரிக்காட்டின் ஓரத்தில், செம்மணல் மேடுகளுக்குக் கீழே, பூலம்மாள் என்கிற ஒரு தாயும் அவள் புருசன் நல்லமாடனும் செம்மறி ஆடு வளர்த்துப் பிழைத்தார்கள். ஆடுகளைப் படல் வைத்து அடைத்து, பகலில் மேய்த்து, நாலு பிள்ளைகளையும் ஆளாக்கிக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பூலம்மாள் மடியில் வந்து விழுந்த பிள்ளைதான் செவலை.

மழையில் நனைந்து வந்த நாய்க்குட்டி அது. ஆட்டுப்பால் ஊட்டித் தேற்றினாள். தேறியதுதான் தாமதம், அதன் கால்கள் தரையில் நிற்கவில்லை. படல் கயிற்றைக் கடித்துப் போட்டது. கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் குழி தோண்டியது. வழிப்போக்கர் யார் வந்தாலும் நெஞ்சில் முன்காலைப் போட்டு ஏறியது. மேய்கிற ஆடுகளைக் கரண்டைக் காலில் கவ்விக் கவ்வி விரட்டியது.

மந்தையின் மூத்த ஆடு ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வந்து நின்றது.

"எம்மா, உங்க செல்லப் பிள்ளையக் கொஞ்சம் பிடிச்சு வையுங்க. தின்ன புல்லு வயித்துல இறங்குததுக்குள்ள ஓட்டம். நாங்க ஆடா, பந்தயக் குதிரையா?"

செவலை தலையைத் தொங்கப்போட்டது. "நான் வேணும்னு செய்யலம்மா. காலு கேக்க மாட்டேங்கு. நானும் சொல்லித்தான் பாக்கேன்."

"இதுக்கு மருந்து எங்கிட்ட இருக்கு" என்றான் நல்லமாடன். அடங்காத மாட்டின் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மாடு ஓடினால் கட்டை முழங்காலில் அடிக்கும். மாடு தானாக நடைக்கு வந்துவிடும். மாட்டுக்குச் சரியானது நாய்க்கும் சரிதானே என்று ஒரு வேலங்கட்டையைக் கயிற்றில் கோத்துச் செவலையின் கழுத்தில் கட்டிவிட்டான்.

கட்டை கட்டிய பிறகுதான் கேடு பெருத்தது. செவலை கட்டையைக் கடித்துக் கடித்து ஈறில் ரத்தம் வரவழைத்துக்கொண்டது. தன் முன்காலைத் தானே நக்கிப் புண்ணாக்கியது. பொழுதெல்லாம் காரணமில்லாமல் குரைத்தது. பெருக்கெடுத்த தண்ணீரைக் கையால் பொத்தினால் விரலிடுக்கில் பீறிடுமே, அப்படி இருந்தது அதன் நிலைமை.

"ஏளா பூலம்மா, ஆடி அமாவாசைக்குள்ள இது அடங்கணும். இல்லைன்னா ஓடைக்கு அந்தப்பக்கம் கொண்டு விட்டுட்டு வந்திருவேன். ஆட்டை வச்சுத்தான் நமக்குக் கஞ்சி. நாயை வச்சு இல்ல" என்றான் நல்லமாடன்.

அவன் சொல்வதும் நியாயம்தானே. பூலம்மாள் அந்தி விளக்கை ஏற்றி வைத்துக் கும்பிட்டாள். "சாஸ்தாவே, இதுக்கு இம்புட்டுக் காலு கொடுத்தியே. ஒரு வேலையும் கொடுக்காமலா அனுப்பியிருப்பே?"

கேட்ட வாயோடு அப்படியே நின்றுவிட்டாள். தான் கேட்டதே தனக்குப் பதிலாக வந்தது போலிருந்தது. அதுவரை அந்தக் கால்களிடம் "ஓடாதே" என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். எங்கே ஓட வேண்டும் என்று யார் சொன்னது? கையில் வேலையில்லாத பிள்ளை உறியைத்தான் பிடித்து இழுக்கும். நாலு பெற்றவளுக்கு இது தெரியாமல் போயிற்றே!

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே போய்க் கட்டையை அவிழ்த்து எறிந்தாள்.

மறுநாள் விடியலில் செவலையைத் தேரி மணலுக்குக் கூட்டிப் போய், நாக்குத் தொங்கும் மட்டும் ஓட விட்டாள். பிறகு படலுக்கு வந்தாள். படலைத் திறக்கக் கை வைத்ததும் செவலை எம்பிக் குதித்தது. அவள் திட்டவில்லை, படலை மூடிவிட்டாள். மறுபடி கை வைத்தாள். மறுபடி குதித்தது, மறுபடி மூடினாள். வெயில் ஏறியது. உள்ளே ஆடுகள் முணுமுணுத்தன. கடைசியில் செவலைக்கே அலுத்து, பின்கால் மடக்கி உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்த நொடியே, "என் ராசாத்தி!" என்று படலை அகலத் திறந்தாள்.

நல்லமாடன் பார்த்துக்கொண்டே நின்றான். "நீயும் திறக்குதே, மூடுதே, திறக்குதே! நானும் உக்காந்தாத்தான் வெளிய விடுவியோ?"

"உக்காருங்க, பாப்போம்" என்று சிரித்தாள். "நான் 'நில்லு'ங்கும்போது நீங்க 'பிடி'ன்னு கத்தாதீங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னா அது எதைக் கேக்கும்?"

அப்புறம் வேலை கொடுத்தாள். விலகிப் போகிற ஆட்டைக் காட்டி, "சுத்து" என்பாள். செவலை அகலமாய்ச் சுற்றிப் போய் ஆட்டை மந்தைக்குள் சேர்க்கும். கரண்டையைக் கவ்வினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவாள். வேலை போய்விடுமே என்கிற பயத்தில் பல்லை உள்ளே வைத்துக்கொள்ளப் பழகியது. ஆனாலும் சில நாள் மறந்துபோய்க் குழி தோண்டும். நல்லமாடன் அமாவாசையை எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

அமாவாசைக்கு முந்தைய பகல். தேரியில் காற்று எழும்பியது.

அதுபோல ஒரு காற்றைப் பூலம்மாள் கண்டதில்லை. செம்மணல் மேடு முழுசாக எழுந்து நடந்து வந்தது. சூரியன் குங்குமப் பொட்டாய்ச் சிறுத்து மறைந்தது. ஆடுகள் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பின. திரும்பியவை ஓடத் தொடங்கின. அந்தத் திசையில்தான் பனை ஆழத்துக்கு ஓடைப் பள்ளம் கிடந்தது. நல்லமாடன் போட்ட கூச்சலை மணல் விழுங்கிவிட்டது.

பூலம்மாள் குனிந்து செவலையின் காதில் சொன்னாள்: "சுத்து."

செவலை போனது. ஓடியது என்று சொல்லக்கூடாது. கண்ணுக்கு ஒரு செங்கோடு மட்டும்தான் தெரிந்தது. காற்றை முந்தி, மந்தையை முந்தி, பள்ளத்தின் விளிம்பில் போய் மந்தைக்குக் குறுக்கே நின்றது. கவ்வவில்லை, குரைக்கவில்லை. முன்னால் வந்த மூத்த ஆடு அதன் கண்ணைப் பார்த்துத் திரும்பியது. அதன் பின்னால் அத்தனை ஆடுகளும், ஆற்று வெள்ளம் வளைவில் திரும்புவது போல ஒரே வளைவாய்த் திரும்பின. பூலம்மாள் தன்னையறியாமல் கைகூப்பினாள்.

அப்போதுதான் காற்று செவலையைச் சுற்றிக்கொண்டது. அந்த நாளில் காற்றுக்குக் குரல் கிடையாது. அது பேசினால் எலும்புக்குள்தான் கேட்கும். பூலம்மாளின் எலும்புக்குள்ளும் கேட்டது.

"நீ என் பிள்ளை. படைத்தவன் உன்னைச் செய்தபோது என்னில் ஒரு கை அள்ளி உன் காலில் வைத்தான். அதனால்தான் உன்னால் நிற்க முடியவில்லை. என் பங்கைத் திரும்பக் கொடு. இல்லாவிட்டால் என்னோடு வந்துவிடு. படலும் இல்லை, பள்ளமும் இல்லை. உலகம் முழுக்க ஓடலாம்."

செவலையின் பாதங்கள் மணலை விட்டு எழும்பின.

"நில்லு" என்ற சொல் பூலம்மாளின் தொண்டை வரை வந்தது. சொன்னால் செவலை நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காற்றிடம் போக வேண்டியதை ஒரு சொல்லால் இழுத்து வைப்பதும் கழுத்தில் கட்டை கட்டுவதும் ஒன்றுதானே? கண்ணில் நீர் வழிய, வாயை மூடிக்கொண்டாள்.

செவலை காற்றிடம் சொன்னது: "காலு உன்னோடதுதான் அய்யா, இல்லைங்கல. ஆனா அதுக்கு வேலை சொன்னது எங்கம்மா. காலை மட்டும் கேக்காதே. வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோ."

காற்று வெகுநேரம் சுழன்றது. "எனக்குப் பேச்சு இல்லை. உன் பேச்சைத் தா."

செவலை பூலம்மாள் பக்கம் திரும்பி, "அம்மா" என்றது. அதுதான் அதன் கடைசிச் சொல். மறுநொடி பனங்காட்டு உச்சியில் காற்று முதன்முதலாய் ஊளையிட்டது. ஆடுகள் அத்தனையும் முழங்கால் மடக்கிப் படுத்துவிட்டன. நல்லமாடன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அமாவாசையைப் பற்றி அவன் பிறகு வாயே திறக்கவில்லை.

மணல் அடங்கியதும் செவலை வந்து அவள் காலடியில் நின்றது. வாயைத் திறந்தது, சொல் வரவில்லை.

"எனக்காகவா பிள்ளே? இனி நீ கேக்குதது எனக்கு எப்படித் தெரியும்?" என்று அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி மந்தையை விட்டு விலகிப் போனது. செவலை அதன் பின்னால் பாய்ந்தது. பாதி தூரம் போனதும் சட்டென்று நின்றது. திரும்பி, தலையைச் சற்றே சாய்த்து, பூலம்மாளின் முகத்தைப் பார்த்தது.

பேச்சு இருந்த காலத்தில்கூட அது இத்தனை தெளிவாய்க் கேட்டதில்லை.

"போ, என் ராசாத்தி. சுத்து" என்றாள் அவள்.

செவலை வயிற்றில் பிறந்த குட்டிகளுக்கும், அவற்றின் குட்டிகளுக்கும் பேச்சு வரவில்லை. காலில் காற்று மட்டும் குறையாமல் இருக்கிறது. எவ்வளவு வேகமாய் ஓடுகிற நாயும் நடுவழியில் நின்று, தன் ஆளின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதே, அது அன்றைக்குத் தேரிக்காட்டில் தொடங்கிய வழக்கம்தான்.